ராடு வெச்சு 9 வருஷம் ஆச்சு

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

தசைச் சிதைவு இருக்கற பசங்களுக்குப் பண்ற முதுகெலும்பு ஆபரேஷன் பத்தி போன வாரம் போட்ருந்தீங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு எக்ஸ்ரே, அதுக்கப்புறம் ஒரு எக்ஸ்ரே, அவ்ளோதான் கட்டுரை முடிஞ்சுது. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா வீட்ல என்ன நடக்குதுன்னு யாரும் எழுதறதில்ல, அதான் நான் எழுதறேன்.

என் தம்பிக்கு டுஷேன். டிஸ்ட்ரோஃபின்ங்கற புரதம் உடம்புல உண்டாகாததால தசை கொஞ்சம் கொஞ்சமா கரையற பரம்பரை வியாதி. 11 வயசுல நடை நின்னுச்சு, வீல்சேர்ல உக்காந்த ரெண்டு மூணு வருஷத்துல முதுகு ஒரு பக்கமா சாஞ்சு, ஒரு கைய ஊணிக்கிட்டே இருக்கணும், எடுத்தா விழுந்துருவான். நுரையீரல் பலம் பாக்கற ஊதற டெஸ்ட்ல அளவு இன்னும் கொறைஞ்சா மயக்க மருந்து குடுக்கறதே ரிஸ்க்னு சொன்னாங்க, 14 வயசுல மேல்முதுகுலேருந்து இடுப்பு வரைக்கும் ராடு, அதாவது முதுகெலும்ப நேரா புடிச்சு வெக்கற உலோகக் கம்பி, வெச்சாச்சு.

இப்போ அவனுக்கு 23. நாள்பூரா நேரா உக்கார்றான், ரெண்டு கையும் ஃப்ரீ, இது நெஜமான லாபம், இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா வீட்டுக்கு வந்த அன்னிக்கு அம்மா மீன்கொழம்பு சோறு பிசைஞ்சு தட்டுல வெச்சாங்க, ஸ்பூன் பாதி வழில நின்னுபோச்சு. முன்னல்லாம் குனிஞ்சு வாய கைகிட்ட கொண்டுபோவான், ராடு குனிய விடல, கைய தூக்கறதுக்கோ தெம்பு இல்ல. அவன் அழல, அம்மாதான் அழுதாங்க. இத ஆபரேஷனுக்கு முன்னாடி ஒருத்தர்கூட சொல்லல சார். அப்புறம் நானே சேர்ல ஒரு பலகையப் போட்டு அதுமேல பழைய டெலிபோன் டைரக்டரி ரெண்ட கட்டி, முழங்கைய அதுல வெச்சதும் ஸ்பூன் வாய்க்கு எட்டுச்சு. (உயரமும் கூடிடுச்சு, ஆட்டோல ஏத்தறப்ப தலை இடிக்கும், அது தனிக்கதை.)

மூச்சு சரியாயிடும்னு நெனச்சு போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், மூச்சுத் தசையும் தளர்றதால அது வயசோட கொறையத்தான் செய்யும், ராடு அத நிறுத்தாது. தம்பி 19லேருந்து ராத்திரி பைபேப் மாஸ்க்லதான் தூங்கறான், மூச்சுக்கு காத்த உள்ள தள்ளற கரண்ட் மெஷின் அது. 2023 மிச்சாங் புயல்ல கரண்ட் போனப்ப நாங்க இன்வெர்ட்டர் லைட்டயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். இப்ப சின்ன வயசுலேயே ஸ்டீராய்டு குடுக்கறதால பல பசங்களுக்கு முதுகு வளையறதே கொறைஞ்சிருக்காம், நல்ல விஷயம்.

அடுத்த தடவ எக்ஸ்ரேவோட, ராடு வெச்ச பையன் சாப்பிடற போட்டோவும் போடுங்க. எங்க வீட்லயே எடுத்துக்கலாம், தம்பி ஒத்துக்கிட்டான், ஆனா தலை சீவினதுக்கப்புறந்தானாம்.

இப்படிக்கு,
ஒரு அக்கா,
கொருக்குப்பேட்டை, சென்னை