வைட்னர் பூசிய பக்கம்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழகப் பல்கலைக்கழகங்களில் உயிரிமருத்துவப் பொறியியல் முதுநிலைப் பாடத்திட்டம் வகுக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம்.

எம்.இ. முடித்து மருத்துவக் கருவி தயாரிக்கும் நிறுவனமொன்றில் சேர்ந்த முதல் வாரம், சோதனைப் பதிவேட்டில் ஓர் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டேன். வைட்னர் பூசி, அதன்மேல் சரியான எண்ணை அழகாக எழுதினேன். பார்த்ததும் மேலாளர் முகம் வெளிறிவிட்டது. அன்றைய சோதனை முழுவதையும் மறுபடி செய்தோம். தப்பை ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும். பழைய எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் கையெழுத்து, தேதி, காரணம் வேண்டும். இரண்டு வருடப் படிப்பில் இதை யாரும் சொல்லவில்லை. ரெக்கார்டு நோட்டு 'நீட்டாக' இருந்தால் மார்க் உண்டு என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

இப்போது நேர்காணலில் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். வருகிற பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்; சிக்னல் பிராசஸிங் கேட்டால் சளைக்காமல் பலகையில் எழுதிக் காட்டுகிறார்கள். ஈசிஜி கருவி செய்ததாகச் சொன்ன ஒருவரிடம், கசிவு மின்னோட்டம் அளந்தீர்களா என்று கேட்டேன். விழித்தார். இதயத்தோடு நேரடித் தொடர்புள்ள சி.எஃப். வகைக் கருவியில், மின் மருத்துவக் கருவிகளின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 60601 தரநிலைப்படி நோயாளி வழியே பாயும் கசிவு சாதாரண நிலையில் 10 மைக்ரோ ஆம்பியரையும், ஏதேனும் ஒரு பழுது நேர்ந்த நிலையில் 50-ஐயும் தாண்டக் கூடாது. அவரோ தம் கருவியைத் தம் நெஞ்சிலேயே ஒட்டிச் சோதித்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மன்னியுங்கள், உங்கள்மேல்தான் வந்தது.

நாட்டின் சட்டம் மாறிவிட்டது. மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இல் வந்தன. அபாயம் கூடிய சி, டி பிரிவுக் கருவிகள் அனைத்துக்கும் 2023 அக்டோபர் 1 முதல் உரிமம் கட்டாயம். அதற்கான கோப்புகளை எழுதத் தெரிந்த ஆட்களைத் தேடி நிறுவனங்கள் அலைகின்றன. ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்காவுக்கு 350 ஏக்கர் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே நாளை யார் வேலை செய்யப் போகிறார்கள்?

மருத்துவக் கருவிகளின் தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 13485, அபாய மேலாண்மைக்கான 14971 என்று இன்னொரு விருப்பப்பாடத்தைச் சேர்த்து, யூனிட் யூனிட்டாகப் பிரித்து மனப்பாடம் செய்யவைத்துவிடாதீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். மூன்றாம், நான்காம் பருவத் திட்டப்பணியை ஆய்வேட்டை மட்டும் வைத்து மதிப்பிடாமல், வடிவமைப்புக் கோப்போடு சேர்த்து மதிப்பிடுங்கள். யார் பயன்படுத்தப் போகிறார்கள், எது எப்படிப் பழுதாகலாம், சொன்னபடி செய்தோமா, செய்தது நோயாளிக்கு உதவுகிறதா என்பதெல்லாம் தேதி போட்டு அதில் இருக்கட்டும். தோற்ற சோதனைகளும் இருக்கட்டும். தோற்றதை மறைக்காத கோப்புக்கு மார்க் கூடுதலாகக் கொடுங்கள்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ ஆய்வு நிலையத்தில் இதய வால்வு செய்தபோது முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. நான்காவதுதான் 1990 டிசம்பரில் ஒரு மனித இதயத்துக்குள் போனது. முந்தைய மூன்றும் ஏன் தோற்றன என்ற கணக்கு இல்லாமல் அந்த நான்காவது வந்திருக்காது. நம் ஆய்வேடுகளிலோ எல்லாச் சோதனையும் முதல் தடவையே ஜெயித்துவிடுகிறது!

கருவியை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுத, மாணவர் மருத்துவமனைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., அதே ஸ்ரீசித்திரா மூன்றும் கைகோத்து கிளினிக்கல் என்ஜினியரிங் எம்.டெக். நடத்துகின்றன. அந்த அளவுக்கு எல்லாக் கல்லூரிகளாலும் முடியாது, தெரியும். பக்கத்து அரசு மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் ஒரு வாரம் நின்று, இரவுப் பணி நர்ஸம்மா எந்த அலாரத்தை ஏன் அணைக்கிறார் என்று பார்த்து வந்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

சனிக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் வருகிறேன், பயணப்படி வேண்டாம். ஆளுக்கொரு சோதனைப் பதிவேடும் பேனாவும் மட்டும் மேசையில் இருக்கட்டும். வைட்னர் வேண்டாம்.

இப்படிக்கு,
தரப்பிரிவில் வேலை பார்க்கும் உங்கள் பழைய மாணவன்