பினாங்கு ஏன் விடுபடுகிறது?

ஐயா,

தருமபுரி, கிருஷ்ணகிரி சுவர்களில் ஒட்டப்படும் மலேசியச் சுற்றுலா விளம்பரங்களில் இரட்டைக் கோபுரமும் பத்துமலையும் தவறுவதில்லை. பினாங்குத் தீவைத்தான் காணவில்லை. கடைத்தெருவில் பொருள் வாங்க ஒரு முழுநாள் ஒதுக்குகிறவர்களுக்கு இந்தத் தீவுக்கு நேரமில்லையாம்!

2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில், 1818இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில், 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில், தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் நடந்தே பார்த்துவிடும் தொலைவில் இருக்கின்றன. தைப்பூசத்தன்று இத்தீவின் தண்ணீர்மலை முருகனின் தேருக்கு முன் சீனர்களும் தேங்காய் உடைக்கிறார்கள்.

உணவைச் சொல்லாமல் விட மனமில்லை. தமிழ் முஸ்லிம்கள் தோளில் சுமந்து விற்ற சோறுதான் இன்றைய நாசி கண்டார். நாலைந்து குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிச் சாப்பிட வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் சுவை பாதிதான். புளி விளையும் மாவட்டத்துக்காரர்களான நமக்கு, மீனும் புளியும் சேர்ந்து கொதித்த சாற்றில் அரிசி நூடுல்ஸ் மிதக்கும் அசாம் லக்சா அந்நியமாகத் தோன்றாது.

பயண ஏற்பாட்டாளர்கள் கடைத்தெரு நாளைக் குறைத்து, பினாங்குக்கு இரண்டு நாளாவது ஒதுக்க வேண்டும்.

- வாசகர் ஒருவர், தருமபுரி