ஸ்கொட்லாந்தில் வாக்குரிமை உள்ள தமிழ் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

கிளாஸ்கோ, 27 ஆகஸ்ட் 2014

அன்பான உறவுகளே,

செப்டம்பர் 18ஆம் திகதி இந்த நாட்டு மக்களிடம் ஒரேயொரு கேள்வி கேட்கிறார்கள்: ஸ்கொட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா? ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரித்தானியக் குடியுரிமை இன்னும் கிடைக்காதவர்கள் "எங்களுக்கு எங்கே வாக்கு?" என்று ஒதுங்கிக்கொள்வதைக் கடைகளிலும் விசேட வீடுகளிலும் கேட்டபடியே இருக்கிறேன். உங்களுக்கு வாக்கு இருக்கிறது. பொதுநலவாய நாடொன்றின் குடிமக்கள் இங்கே தங்கும் அனுமதியோடு வசித்தால் வாக்களிக்கலாம். கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டா இந்தியக் கடவுச்சீட்டா என்பது பிரச்சினையே இல்லை. 16 வயது நிரம்பிய பிள்ளைகளும் இம்முறை வாக்களிக்கிறார்கள்.

அதே நேரம், எடின்பரோவில் பிறந்து வளர்ந்து இன்று லண்டனில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இதில் வாக்கு இல்லை. இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தனிநாடு கேட்கும் ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி, தன் இனத்தில் பிறந்தவர் யார் என்று பார்க்கவில்லை. இந்த மண்ணில் யார் வாழ்கிறார்கள் என்று பார்த்தது. லண்டன் அரசும் அதை ஏற்றுக்கொண்டது. வந்தேறிகள் என்று எங்களைத் தள்ளி வைக்காமல், இந்த நாட்டின் தலைவிதியைத் தீர்மானிப்பவர்களில் எங்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் வசிப்பவராக எங்களிடம் கேட்கிறார்கள். அப்படி வசிப்பவராகவே நாங்கள் பதில் சொல்ல வேண்டும் என்று மன்றாடத்தான் இந்த மடல்.

ஏனென்றால், "ஆம் என்று போட்டால் அது ஈழத்துக்குப் போட்ட வாக்கு" என்ற பேச்சு எங்களுக்குள் வலுவாக ஓடுகிறது. அந்த உணர்வு எனக்குள்ளும் உண்டு. 1983 ஆகஸ்டில் இலங்கை அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் தனிநாடு கேட்பதையே குற்றமாக்கியது. இங்கே 2012 ஒக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் எடின்பரோவுக்கே வந்து, பிரிந்துபோக விரும்பும் ஸ்கொட்லாந்து முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டோடு ஒரே மேசையில் இருந்து, இந்த வாக்கெடுப்பை நடத்தும் உடன்பாட்டில் ஒப்பமிட்டார். அந்தப் படத்தைப் பார்த்து நெஞ்சு கனக்காத ஈழத்தமிழர் யார்? ஆனால் எங்கள் பக்கத்து வீட்டு முதியவரின் ஓய்வூதியமும் எங்கள் பிள்ளைகளின் வேலையும் இந்த வாக்கில் தொங்குகின்றன. எங்கள் காயத்துக்கு மருந்து தேடி அவர்களுடைய நாட்டைத் தீர்மானிக்க எங்களுக்கு உரிமை இல்லை. ஸ்கொட்லாந்து சரியான முடிவை எடுத்தாலும் பிழையான முடிவை எடுத்தாலும், ஈழத்தமிழரின் கோரிக்கை அதன் சொந்த நியாயத்தில்தான் நிற்க வேண்டும்.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? முதலில் காசு.

சுதந்திரத்துக்குப் பிறகும் பவுண் நாணயத்தையே வைத்திருப்போம், மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியைப் பகிர்ந்துகொள்வோம் என்கிறார் சால்மண்ட். அப்படியொரு நாணயக் கூட்டுக்கு இணங்க மாட்டோம் என்று பெப்ரவரியில் பிரித்தானிய நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் அறிவித்தார். தொழிற்கட்சியும் லிபரல் ஜனநாயகக் கட்சியும் அதையே சொல்லிவிட்டன. அது தேர்தல் மிரட்டல், ஆம் வென்ற மறுநாள் இணங்கிவிடுவார்கள் என்பது ஆம் தரப்பின் நம்பிக்கை. ஆகஸ்ட் 5 தொலைக்காட்சி விவாதத்தில் இல்லை தரப்பின் தலைவர் அலிஸ்டர் டார்லிங் "மாற்றுத் திட்டம் என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டபோது சால்மண்ட் திணறினார். நேற்று முன்தினம் இங்கே கிளாஸ்கோவின் கெல்விங்குரோவில் நடந்த இரண்டாவது விவாதத்தில் அவர் கை ஓங்கியது உண்மைதான். கூட்டு இல்லாவிட்டாலும் பவுணைப் பாவிக்க எவராலும் தடுக்க முடியாது என்றார். பாவிக்கலாம். ஆனால் வங்கியொன்று விழும்போது கைகொடுக்கும் மத்திய வங்கி எது? வட்டி வீதத்தைத் தீர்மானிப்பவர் யார்? வீட்டுக் கடனும் கடைக் கடனும் தலைக்கு மேல் நிற்கும் எங்களுக்கு இது நிபுணர்கள் பேசித் தீர்க்கும் விடயம் அல்ல. கூட்டு இல்லையென்றால் பிரித்தானியாவின் கடனில் பங்கேற்க மாட்டோம் என்று அவர் சொல்வதும் எனக்கு ஆறுதல் தரவில்லை. புதிதாகப் பிறக்கும் நாடு கடன் வாங்கத்தானே வேண்டும்? வடகடல் எண்ணெய் இருக்கிறது என்பார்கள். எண்ணெயின் விலை எவர் கையிலும் நிற்பதில்லை.

மறுபக்கம், டங்கவெல். தெற்கு லனார்க்‌ஷயரில் உள்ள அந்தக் குடிவரவுத் தடுப்பு முகாமின் பெயர் எங்கள் வீடுகளுக்குத் தெரியாததல்ல. குடிவரவு முழுவதும் லண்டன் கையில் இருக்கிறது. ஸ்கொட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அதில் அதிகாரம் கிடையாது. கடந்த நவம்பரில் வந்த ஸ்கொட்லாந்து அரசின் வெள்ளை அறிக்கை, டங்கவெல்லை மூடுவோம், விடியற்காலை வீடு புகுந்து ஆட்களைப் பிடிப்பதை நிறுத்துவோம் என்கிறது. படிப்பு முடிந்த வெளிநாட்டு மாணவர்கள் தங்கி வேலை செய்யும் விசாவையும் மீண்டும் கொண்டுவருவதாகச் சொல்கிறது. இல்லை தரப்பிடமிருந்து இதற்கு ஈடாக ஒரு வார்த்தையும் என் காதுக்கு எட்டவில்லை. அகதியாக வந்து உடலில் அந்தப் பயம் இன்னும் மிச்சமிருக்கும் ஒருவர் இதற்காகவே ஆம் என்று போட்டால், அவரோடு நான் வாதாட மாட்டேன்.

என் முடிவையும் மறைக்க விரும்பவில்லை. நாணயக் கேள்விக்கு இப்போதிருப்பதைவிடத் தெளிவான பதில் வராவிட்டால், நான் இல்லை என்றுதான் போடுவேன். ஆம் பிரசாரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் தமிழ் நண்பர்களுக்கு இது வலிக்கும். ஈழத்தை நேசிக்கும் ஒருவன் இங்கே இல்லை என்று சொல்லலாம்; இலங்கை அரசியலைத் திரும்பியும் பார்க்காத ஒருவர் ஆம் என்று சொல்லலாம். இரண்டிலும் துரோகம் இல்லை.

வாக்களிக்காமல் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியாது. 1979இல் ஸ்கொட்லாந்துக்கான தன்னாட்சி மன்ற வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் 51.6 வீதமானோர் ஆம் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளரில் 40 வீதமானோர் ஆம் என்று சொல்ல வேண்டும் என்று விதி போட்டிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் இல்லை என்றவர்களாகிப் போனார்கள். ஸ்கொட்லாந்து நாடாளுமன்றம் கூடுவதற்கு 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இம்முறை அப்படி எந்த விதியும் இல்லை. ஒரு வாக்கு கூடினாலும் முடிவு முடிவுதான்.

பதிவு செய்ய அடுத்த செவ்வாய்க்கிழமை, செப்டம்பர் 2, கடைசி நாள். உங்கள் பகுதியின் வாக்காளர் பதிவு அலுவலகத்தில் படிவம் கிடைக்கும். ஆங்கிலம் சிரமமாக இருப்பவர்களுக்குப் பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுங்கள். வேலை நேரம் ஒத்துவராதவர்கள் தபால் வாக்குக்கு எழுதலாம். மற்றவர்களுக்கு அன்று காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை வாக்குச்சாவடி திறந்திருக்கும்.

அன்புடன்,
கிளாஸ்கோவில் வாழும் ஓர் ஈழத்தமிழன்