பெண்டிகோ போகிறவனுக்கு எந்தக் கொயில்?

அன்புள்ள மச்சான் செல்வம்,

நாங்கள் எல்லோரும் நலம். அப்புத்தளையில் நாள் முழுக்க மூட்டம். தோட்டத்தில் கொழுந்துக்குக் குறைவில்லை, எடுக்கத்தான் ஆள் இல்லை.

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோவில் தங்கம் தேடப் போகிற நீ, உன் மகனின் ஜிபிஎக்ஸ் 5000 என்ற தங்கம் தேடும் டிடெக்டருக்கு 18 அங்குலக் கொயில் (மண்மேல் வீசும் தட்டையான தலை) வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். மெஷினோடு வந்த 11 அங்குல மோனோவும் 11 அங்குல டி.டி.யும் (டபுள் டி) தாராளம். இந்த இரண்டு வகைக் கொயிலுக்கும் வித்தியாசத்தைக் கீழே சொல்கிறேன்.

பெரிய கொயில் ஆழம் பார்க்கும் என்பது பாதி உண்மைதான். கிடக்கிற பொருளும் பெரிதாக இருக்க வேண்டும். 1980இல் விக்டோரியாவின் கிங்கோவரில் டிடெக்டரில் சிக்கியது 27 கிலோத் தங்கக் கட்டி. உன் கைக்கு வரப்போவது பெரும்பாலும் ஒரு கிராமும் தேறாத தங்கப் பொட்டுகள். அகலக் கொயிலில் காந்தப்புலம் பரந்து போவதால், பொட்டின் சத்தம் மண்ணின் இரைச்சலில் அமுங்கிவிடும். ஆழத்தில் இழப்பும் கொடூரம்: கொயிலின் அகலத்தைத் தாண்டிய பிறகு தூரம் இரண்டு மடங்கானால் போகும் புலம் எட்டில் ஒன்று, திரும்பும் பதிலும் எட்டில் ஒன்று. மொத்தத்தில் 64இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் கொயிலை மண்ணிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கி வீசுகிறவனுக்கு எந்தக் கொயிலும் உதவாது. தரையை உரசுகிற மாதிரிக் கொண்டுபோ.

மோனோவில் ஒரே கம்பிச் சுற்றுதான் அனுப்புவதும் வாங்குவதும். புலம் கூம்பாக இறங்கும், அடியில் ஒடுங்கும். ஒவ்வொரு வீச்சும் முந்தியதைப் பாதியாவது மூட வேண்டும், இல்லாவிட்டால் ஆழத்தில் இடைவெளி விழும். டி.டி.யில் இரண்டு சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுக்கோட்டில் கத்தி போலக் கீழே பார்க்கும். நம் தோட்டத்துச் செம்மண் போல இரும்பேறிய இடத்திலும், சுடுகல் (டிடெக்டரைப் பொய்யாகக் கத்தவைக்கும் கல்) நிறைந்த இடத்திலும் மோனோ கத்திக்கொண்டே இருந்தால் டி.டி.க்கு மாறு. ஆழம் கொஞ்சம் குறையும், ஆனால் காது பிழைக்கும். மின்கம்பிப் பக்கம், டி.டி. கொயில் போட்டிருக்கும்போது, முன்பலகைச் சுவிட்சை மின் இரைச்சலை அடக்கும் 'கேன்சல்' நிலைக்குக் கொண்டுபோகலாம். ஆழம் இன்னும் குறையும். கொயிலை மாற்றும்போது அதே சுவிட்சை மோனோ, டி.டி. என்று பொருத்தமாக மாற்ற மறக்காதே.

காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் 14க்கு 9 நீள்வட்ட மோனோ ஒன்று வாங்கு. புதர் வேருக்கும் பாறை இடுக்குக்கும் மூக்கை நுழைக்கலாம். 18 அங்குலம், ஏற்கனவே தங்கம் கிடைத்த இடத்தை இரண்டாம் தடவை ஆழமாகப் பார்க்க. அதற்குத் தோள்பட்டியும் வேண்டும், வீச்சும் மெதுவாக வேண்டும்.

கொயில் பழுதென்று சொல்வதில் பாதி வயர்தான். தண்டில் இறுக்கமாகச் சுற்று, கொயில் பக்கம் மட்டும் சிறு தளர்வு விடு. வயர் ஆடினால் பொய்ச்சத்தம். கீழ்மூடிக்குள் ஈரமண் புகுந்தாலும் அதே கதை. மூடியைக் கழற்றிக் கழுவிக் காயவை. இரும்பு மூக்குச் சப்பாத்தும் போடாதே.

இடத்தில் இறங்கியதும் ஆட்டோ ட்யூன் (சுற்றுப்புற மின் இரைச்சலைத் தவிர்ப்பது), பிறகு தரைச் சமன் (மண்ணின் சத்தத்தை அடக்குவது). அதன்பின் ஈயச்சன்னம் ஒன்றைப் பிளாஸ்டிக் துண்டில் ஒட்டி, தோண்டாத மண்ணில் சாய்வாகத் துளைத்து 5 செ.மீ. ஆழத்தில் வைத்து இரண்டு கொயிலாலும் பார். எது தெளிவாகச் சொல்கிறதோ, அன்றைக்கு அதுதான்.

விக்டோரியாவில் 'மைனர்ஸ் ரைட்' என்ற தேடும் அனுமதி எடுக்காமல் இறங்காதே. மெஷினை இங்கே இலங்கைக்குக் கொண்டுவரும் யோசனையையும் விடு. அனுமதியில்லாமல் தோண்டினால் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் புதையல் வழக்குத்தான்.

விசா வந்ததும் எழுது. அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராஜு