பயந்தவர் சொல்லைக் கேட்கும் படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெதுவாக நகரும் பேய்ப் படங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் இரு தரப்பாக வந்துகொண்டிருக்கும் கடிதங்களைத் தவறாமல் படித்து வருகிறேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் ஒரு தடவைகூடத் தூக்கிவாரிப்போடவில்லை, படம் முழுக்க ‘லேக்’, அதாவது இழுவை, என்கிறார்கள் ஒரு தரப்பார். கதவு படாரென்று சாத்துவதும் இசை அலறுவதும் வெறும் திடுக்கிடல்தான், சிறுகச் சிறுக மனத்துக்குள் இறங்குவதே பயம் என்கிறார்கள் மறு தரப்பார். நான் இரண்டாம் தரப்புக்கு நெருங்கியவள். ஆனாலும் வேகத்தைப் பற்றிய இந்த வழக்கில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று விடுபட்டுப் போகிறது என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

மெதுவாகச் செல்வதற்குக் காரணம் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ராகுல் சதாசிவன் இயக்கி 2024இல் வெளிவந்த ‘பிரமயுகம்’ கருப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட மலையாளப் படம். பாழடைந்த ஒரு மனைக்குள் வந்து சேர்கிற பாணன் ஒருவன், வீட்டுக்காரர் அழைத்தாரே என்று பகடை ஆடித் தோற்று, அங்கிருந்து வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்கிறான். அவன் நாள் கணக்கை இழப்பதைப் பார்ப்பவரும் உணர வேண்டும் என்றால் படம் நின்று நிதானித்துத்தான் போக வேண்டும். இதை ‘லேக்’ என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நியாயமாகாது. நம் திரையரங்குப் பழக்கமும் இதற்குத் துணை நிற்பதில்லை. 99 நிமிடமே ஓடும் ‘கனெக்ட்’ 2022இல் இடைவேளை இல்லாத படமாக அறிவிக்கப்பட்டபோது திரையரங்கு உரிமையாளர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. ஒரு மணி நேரமாகச் சேர்த்துவைத்த அச்சம், விளக்கைப் போட்டுப் பப்ஸும் காபியும் வாங்க எழுந்துபோன பிறகு பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை.

விடுபட்ட கேள்வி இதுதான்: ‘இந்த வீட்டில் யாரோ இருக்கிறார்கள்’ என்று ஒருவர் சொல்லும்போது, கதையில் வரும் மற்றவர்கள் அவரை என்ன செய்கிறார்கள், கடைசியில் அந்தப் படமே அவரை என்ன செய்கிறது?

‘பிரமயுகம்’ இயக்குநர் 2022இல் தந்த ‘பூதகாலம்’ படத்தை எங்கள் வீட்டில் ஐந்து பேர் சேர்ந்து பார்த்தோம். மனச்சோர்வில் இருக்கும் தாயாக ரேவதியும், இரவில் எதையோ கண்டு நடுங்கும் மகனாக ஷேன் நிகமும் நடித்திருக்கிறார்கள். என்ன சொன்னாலும் குடி, மனநோய் என்று அந்த மகனை எல்லோரும் ஒதுக்குகிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகன், ‘அத்தை, பேய் எப்பதான் வரும்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தான். என் பெரியம்மா மகள் மட்டும் ஒன்றும் பேசவில்லை. இரவு மாத்திரை போடுவதற்காக எடுத்த எவர்சில்வர் டம்ளரை மடியில் வைத்தபடியே, தண்ணீரைக் குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா, பாதிப் படத்தில், ‘அந்தப் பிள்ளை சொல்றத ஒருத்தராவது உக்காந்து கேட்டிருக்கலாம்ல?’ என்றார்.

பத்தொன்பது வயதில், ஓட்டின் மேல் யாரோ நடக்கிறார்கள் என்று சொன்னவர் அவர். நாங்கள் தண்ணீர் ஓதி வாங்கினோம், தாயத்துக் கட்டினோம், இரவில் அறையை வெளியே பூட்டினோம். மருத்துவரிடம் கூட்டிப்போக எங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. ஓட்டின் மேல் நடப்பவர் யார், எப்போது வருகிறார், என்ன சொல்கிறார் என்று முதன்முதலாகக் கேட்டவர் அந்த மருத்துவர்தான்.

கீழக்கரையில் இருக்கும் எங்களுக்கு ஏர்வாடி பக்கத்து ஊர். தர்காவை நாடி எல்லாச் சமயத்தாரும் நோயுற்றவர்களைக் கூட்டிவருகிற அந்த ஊரில், 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட வழியில்லாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்தது. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது. துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் கிடைக்க இன்று அங்கே வழி செய்யப்பட்டிருக்கிறது. இத்தனையும் நடந்த கரையில் இருந்துகொண்டு, ‘பேயா, பைத்தியமா’ என்ற புதிரை வெறும் சுவாரசியமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தால் உலகம் கொண்டாடிய படங்களும் வேறாகத் தெரிகின்றன. 2018இல் வந்த ‘ஹெரிடிட்டரி’யை அமெரிக்க விமர்சகர்கள் புகழ்ந்து தள்ளினார்கள், படம் முடிந்து வெளியே வந்த பார்வையாளர்களிடம் சினிமாஸ்கோர் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது அவர்கள் கொடுத்ததோ ‘டி பிளஸ்’ என்ற மிகத் தாழ்ந்த மதிப்பெண். மகளைப் பறிகொடுத்த தாயின் துக்கத்தை அவ்வளவு உண்மையாகக் காட்டிய படம் வேறு நான் பார்த்ததில்லை. ஆனால், அவளுடைய அண்ணன் ஒரு மனநோயாளி; தங்கள் தாய் தனக்குள் ஆட்களைப் புகுத்தப் பார்க்கிறாள் என்று சொல்லி முன்பே உயிரை மாய்த்துக்கொண்ட அவனுடைய பேச்சை, கதை முடிவில் உண்மையாக்கிவிடுகிறது அந்தப் படம். பிரமையை மெய்யாக்கிவிட்டால் நோயாளிக்கு மருத்துவம் எதற்கு என்ற எண்ணம், பார்ப்பவர் அறியாமலே மனத்தில் தங்கிவிடும். ஜெனிபர் கென்ட் இயக்கிய ஆஸ்திரேலியப் படமான ‘தி பாபடூக்’ வேறு வழியில் போகிறது. கணவனை இழந்த பெண், தன் வீட்டுப் பூதத்தை விரட்டவும் இல்லை, அதற்கு இரையாகவும் இல்லை. தோட்டத்தில் தோண்டிய புழுக்களை ஒரு கிண்ணத்தில் ஏந்தி நிலவறைக்கு இறங்கி, அதற்குத் தீனி வைத்துவிட்டு மேலே வருகிறாள். துக்கத்தோடு குடித்தனம் நடத்துவது இப்படித்தான் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

தமிழிலும் முடியாததில்லை. அஷ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ (2019), கொடுமைக்கு ஆளான பெண் ஒருத்தி இருட்டைக் கண்டு மூச்சுத் திணறுவதைக் கேலிக்கோ திடீர்த் திருப்பத்துக்கோ விற்காமல், அவளுடைய போராட்டமாகவே கடைசி வரை கொண்டுபோனது. ‘பூதகாலம்’ பேயை உண்மையாக்கினாலும், தாயும் மகனும் ஒருவரையொருவர் நம்பத் தொடங்கிய பிறகே அவர்களை அந்த வீட்டை விட்டு வெளியேற விடுகிறது. அந்த இடம் வந்ததும்தான் அக்கா டம்ளரை எடுத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

தங்கள் நாளிதழில் பேய்ப் பட விமர்சனம் எழுதுவோர், படம் வேகமா மெதுவா என்பதோடு, பயந்தவரை அது எப்படி நடத்துகிறது என்பதையும் ஓரிரு வரிகளில் சேர்த்து எழுதும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் இருப்பவரைப் போன்றவர்களோடு உட்கார்ந்து எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று முடிவு செய்ய அந்த வரிகள் எங்களுக்குத் தேவைப்படுகின்றன.

இப்படிக்கு,
வாசகி,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.