செயலாளர் ஆண்டறிக்கை: இலகு விமானப் பயிற்சிக்கான தரை வகுப்புகள்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் சங்கத்துக்கு விமானமும் இல்லை, ஓட்டக் கற்றுத்தரும் அனுமதியும் இல்லை. அது உரிமம் பெற்ற பயிற்சிப் பள்ளிகளின் வேலை. அங்கே ஒவ்வொரு மணிக்கும் கட்டணம் கட்டிப் பறக்கப்போகும் புதியவர், தரையில் கற்க வேண்டியதைத் தரையிலேயே கற்றுக்கொண்டு போகட்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளை நடத்துகிறோம். இந்த ஆண்டு பாடத்தில் பெரும்பகுதியைக் காற்றுக்கே ஒதுக்கினோம்.

முதலில் சேர்க்கை பற்றி. மாணவர் உரிமத்துக்கு வயது 16, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. பள்ளிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ பட்டியலில் உள்ள மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு உடற்தகுதிச் சோதனையை முடித்துவிடுங்கள். நிறக்குருடு இருப்பது பலருக்கு அங்கேதான் முதன்முதலில் தெரியவருகிறது. பணம் கட்டிய பிறகு அது தெரிந்து பயனில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக மேற்கிலிருந்து வரும் மேல்காற்று நம் பக்கம் பாய்கிறது. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். மேல்காற்று நாளில் காற்றாலைகளுக்குக் கிழக்கே காற்று கலங்கிக் கிடக்கும்; 600 கிலோவுக்குள் இருக்கும் இலகு விமானத்தை அது நன்றாகவே உலுக்கும். புதியவர் விடிந்ததும் பறந்துவிட்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவது நல்லது.

வகுப்பில் வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி விமான நிலைய ஓடுபாதையைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டோம். அதன் எண் 10/28; அதாவது ஒரு பக்கமாக இறங்கினால் 100 பாகைத் திசை, மறுபக்கமாக இறங்கினால் 280. காற்று 240 பாகையிலிருந்து 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வீசுகிறது, நாம் 28-இல் இறங்குகிறோம் என்று வையுங்கள். கோண வித்தியாசம் 40 பாகை. 30 பாகைக்குப் பாதி, 40-க்கு மூன்றில் இரண்டு பங்கு, 60-க்கு மேல் முழுதும் என்று மனக்கணக்காக வைத்துக்கொண்டால் குறுக்குக்காற்று 13 நாட் வரும். பல இலகு விமானக் கையேடுகள் சோதித்துக் காட்டியுள்ள அளவு 12 முதல் 15 நாட் வரைதான். ஆகவே அது புதியவர் இறங்கும் நாள் அல்ல. ஆசிரியர் உடனிருந்து இறங்கினாலும், மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி வந்து, தரை தொடுமுன் வலது ரடரால் (காலால் மிதித்து இயக்கும் வால் தகடு) நேராக்கி, கையில் பிடிக்கும் ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். சக்கரம் தொட்டதும் ஸ்டிக்கை நடுவுக்கு விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. வேகம் குறையக் குறைய, ஸ்டிக்கால் அசையும் இறக்கைத் தகடான ஏலரானின் பிடி தளரும் என்பதால், ஸ்டிக்கை மேலும் மேலும் காற்றுப் பக்கம் சாய்த்துக்கொண்டே போக வேண்டும்.

அதே கணக்கில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 28-க்கு இடச்சுற்றில் (இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி) வந்தால், ஓடுபாதைக்குக் குறுக்காக வரும் பேஸ் லெக்கில் அந்த 13 நாட் பின்காற்றாகிறது. விமானம் நினைத்ததைவிட வேகமாக நகர்ந்து ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிவிடும். புதியவர் பதறி இடது ரடரை மிதிப்பார். சாய்வு கூடாமலிருக்க ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுவார். மூக்கு இறங்கவும் பின்னால் இழுப்பார். மூன்றும் சேர்ந்தால் உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகி (தூக்கும் விசையை இழந்து) விமானம் சுழலும். 400 அடியில் அதை மீட்க உயரம் இல்லை.

எண்களைப் பாருங்கள். நேராகப் பறக்கையில் ஸ்டால் வேகம் 40 நாட் என்றால் இறங்க ஓடுபாதைக்கு நேராக வரும் ஃபைனல் கட்டத்தின் வேகம் அதன் 1.3 மடங்கு, 52 நாட். உயரம் குறையாமல் திரும்பும்போது 30 பாகைச் சாய்வில் ஸ்டால் வேகம் 43 ஆகிறது, 45-இல் 48, 60-இல் 57. அதாவது 52 நாட் வேகத்தில் 60 பாகை சாய்த்து இழுத்தால் விமானம் ஏற்கெனவே ஸ்டாலில் இருக்கிறது. சுற்றில் 30 பாகைக்கு மேல் சாய்க்காதீர்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் இறக்கையை நேராக்கி, முழு த்ராட்டில் கொடுத்து, மறுசுற்று போங்கள். இந்த ஒரு பழக்கம் ஊறும்வரை, நாற்காலியில் உட்கார்ந்து கையையும் காலையும் அசைத்துப் பழகும் பயிற்சியை நிறுத்தப் போவதில்லை.

எஞ்சின் வகுப்பில் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் என்ற இலகு விமான எஞ்சினின் படம் வைத்துப் பாடம் நடந்தது. எண்ணெய் அளவு பார்க்குமுன் இரண்டு இக்னிஷனும் அணைந்திருப்பதை உறுதிசெய்து, ப்ரொப்பெல்லரை அது சுழலும் திசையிலேயே கையால் மெல்லச் சுற்ற வேண்டும். எண்ணெய்த் தொட்டியில் காற்று ‘களக் களக்’ என்று குமிழியிட்ட பிறகே அளவுக்கம்பியை எடுக்கலாம். அதற்குமுன் பார்த்தால் எண்ணெய் குறைவாகக் காட்டும், ஊற்றி வழியவிடுவோம். எதிர்த்திசையில் சுற்றவே கூடாது, எண்ணெய்க் குழாய்களில் காற்று புகும். எண்ணெய் 50 பாகை செல்சியஸ் சூடாகும்வரை முழு விசை கூடாது. நிமிடத்துக்கு 4000 சுற்றில் இக்னிஷனை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கையில் 300 சுற்றுக்கு மேல் இறங்கினால் புறப்பட வேண்டாம்.

பெட்ரோல் பற்றி உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்தார்கள். இந்த எஞ்சினுக்கு எத்தனால் 10 சதவீதம் வரைதான் அனுமதி. இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. சோதிப்பது எளிது: அளவுக்குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கும். அடித்தண்ணீர் 10-லிருந்து 28 மில்லி அளவுக்கு ஏறினால் அது 20 சதவீதப் பெட்ரோல்.

எடையும் அப்படியே. வெற்று விமானம் 350 கிலோ, 85 கிலோ ஆட்கள் இருவர் என்றால் 600-இல் மிச்சம் 80. அதில் 100 லிட்டர் பெட்ரோலே 72 கிலோ. கத்திரி வெயிலில் 40 பாகை அடிக்கும்போது நம் ஊர்த் தரையிலேயே விமானம் 3000 அடி உயரத்தில் இருப்பதுபோலத்தான் நடந்துகொள்ளும். கையேட்டில் 15 பாகைக்குப் போட்டிருக்கும் ஓட்டத் தூரத்தோடு கால்பங்காவது கூட்டிக்கொள்ளுங்கள்.

விஜயநாராயணம் கடற்படை நிலையத்தின் உயர்ந்த கம்பங்கள், கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம் ஆகியவற்றை வரைபடத்தில் குறித்து, வான்வெளித் தடைகளைச் சரிபார்க்காமல் எந்த வழித்திட்டத்தையும் வகுப்பில் ஏற்பதில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரும் ஆண்டுக்கு ஒரே கோரிக்கை: 15 நாட் காற்றில் முழுதாக நீளும் துணிக் காற்றுப்பை (விண்ட்சாக்) ஒன்று வாங்க வேண்டும். அதை மொட்டைமாடியில் கட்டினால் காற்றின் வேகத்தைக் கண்ணால் மதிப்பிட மாணவர்களைப் பழக்கலாம். அதற்கான செலவோடு இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்