மறுகாலுக்குக் கீழே மூன்று குழாய்

பாளையங்கோட்டை,
15.6.2025

அன்புள்ள இசக்கி,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. உடனே பதில் போடாததற்கு மூட்டுவலியைக் காரணம் சொல்லலாம்தான், ஆனால் எழுதுவது கையால் என்று நீ திருப்பிக் கேட்பாய். நம்ம ஊர்க் காரியம் ஒன்றில் வசமாக மாட்டிக்கொண்டேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

அதற்கு முன்னால் வீட்டுச் செய்தி. எல்லாரும் சுகம். சின்னவளுக்கு மதுரைக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. குற்றாலத்தில் இந்த வருடம் சாரல் முன்னதாகவே தொடங்கிவிட்டது. இங்கே பாளையில் காற்று மட்டும்தான். சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போனால் வேட்டியைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மே 1 கிராம சபைக்குச் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் ஊருக்குப் போனேன். பேரிடர் தணிப்பு வேலைகளுக்கு, அதாவது வெள்ளம் வருமுன்பே சேதத்தைக் குறைக்கிற வேலைகளுக்கு, கருத்துரு அனுப்பவேண்டும், ஒன்றியத்துக்குள் எல்லாப் பஞ்சாயத்தும் அனுப்பும், அதிலிருந்து சிலதைத்தான் மேலே எடுப்பார்கள் என்று தலைவர் சொன்னார். உடனே பின்னாலிருந்து ஒரு குரல்: "ஓவர்சியர் ஐயாதான் இருக்காகளே, அவுக எழுதித் தரட்டும்." பணி ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் அந்தப் பட்டம் விட்டபாடில்லை.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எழுதினேன். மொத்தம் பதினேழு கோரிக்கை. ஓடைக்கு இரண்டு பக்கமும் கான்கிரீட் தடுப்புச்சுவர், மாடியோடு ஒரு சமுதாயக்கூடம், குளத்துக் கரைக்கு மண் போடுவது, மடைக்குப் புது ஷட்டர், கோயில் முன்னால் ஹைமாஸ் விளக்கு. விளக்குக்கும் வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "வெள்ளம் வந்தா ராத்திரி பாக்கண்டாமா?" என்றார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

தடுப்புச்சுவருக்குத்தான் கை அதிகம் உயர்ந்தது. அது நியாயம்தான். 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளையும் மறந்துவிடக்கூடியவர்களா அவர்கள்? மூலைக்கரைப்பட்டியில் ஒரே நாளில் 62 சென்டிமீட்டர் கொட்டியது. காயல்பட்டினத்தில் 95. நம்ம பக்கம் ஒரு வருடத்துக்குப் பெய்கிற மழையையே அதனோடு வைத்துப் பார்த்துக்கொள். வெளியூர்க்காரர்கள் இன்றும் அதைத் தாமிரபரணி வெள்ளம் என்றே பேசுகிறார்கள். ஆறும் பெருகியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆற்றைக் கண்ணால் பார்க்காத ஊர்களெல்லாம் மூழ்கியது குளங்களால். மேலே ஒரு குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்தில் போய் விழுகிறது. அதுவும் உடைகிறது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் எண்ணூறு பயணிகளோடு இரண்டு நாள் நின்ற கதை உனக்குத் தெரியும். தண்டவாளத்துக்கு அடியில் மண்ணை அள்ளிக்கொண்டு போன தண்ணீரில் உடைந்த குளங்களின் பங்கும் உண்டு.

தடுப்புச்சுவர் கேட்டுப் போன வருடமே ஒரு கருத்துரு போயிருக்கிறது. அது வந்த வேகத்தில் திரும்பிவிட்டதாம். ஏன் என்று எந்த அலுவலகமும் இவர்களுக்குச் சொல்லவில்லை. கோப்பில் "பரிசீலிக்க இயலாது" என்று ஒரே வரி. நான்தான் தோண்டித் துருவிப் படித்தேன். தணிப்பு நிதி என்ற பெயர் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலேயே இருக்கிறது. பணம் ஒதுங்கியது என்னவோ 15-ஆவது நிதிக்குழு சொன்ன பிறகுதான். மாநிலங்களுக்கான பேரிடர்ப் பணத்தில் 80 சதவீதம் நிவாரணம், சீரமைப்பு போன்றவற்றுக்கு, 20 சதவீதம் தணிப்புக்கு. 2021 முதல் 2026 வரை எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துத் தணிப்புப் பங்கு 32,031 கோடி ரூபாய். கேட்கப் பெரிய தொகைதான். மாநிலம், மாவட்டம், ஒன்றியம் என்று இறங்கி வரும்போது கடைமடைக்கு வருகிற தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது.

அதே நிதிக்குழு இன்னொன்றும் சொல்லியிருக்கிறது. இந்தப் பணம் உள்ளூர் அளவில், மக்கள் கலந்து செய்கிற வேலைகளுக்கு. கடல் தடுப்புச்சுவர், வெள்ளத் தடுப்புக் கரை போன்ற பெரிய கட்டுமானங்களை வழக்கமான திட்டங்களில் பார்த்துக்கொள்ள வேண்டும், இதில் கேட்கக்கூடாது. ஊர் முழுக்கக் கை தூக்கிய வேலை, கேட்கக்கூடாத பட்டியலில்தான் வருகிறது. இந்த ஒரு வரியை யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

மிச்சமிருந்த கோரிக்கைகளை வரிசைப்படுத்த உட்கார்ந்தபோதுதான் உன் கடிதம் கைகொடுத்தது. அமெரிக்காவில் உங்கள் கவுண்டியில் ஃபீமா என்கிற பேரிடர் நிறுவனத்தின் மானியத்துக்கு விண்ணப்பம் போடும்போது லாபத்தையும் செலவையும் வகுத்துப் பார்ப்பீர்கள், அது ஒன்றுக்குக் குறைந்தால் கதவைத் தட்டவே வேண்டாம் என்று எழுதியிருந்தாயே, அதை அப்படியே இங்கே போட்டுப் பார்த்தேன். நூறு வருடத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு கோடி நட்டம் வைக்கிற வெள்ளத்தைத் தடுத்தால், சராசரியில் வருடத்துக்கு ஒரு லட்சம் மிச்சம். பத்து வருடத்துக்கு ஒரு தடவை வந்து இருபது லட்சம் நட்டம் வைப்பதைத் தடுத்தால் வருடத்துக்கு இரண்டு லட்சம். ஊர் நினைப்பதெல்லாம் அந்த 2023 வெள்ளத்தைப் பற்றித்தான். கணக்கு என்னவோ, ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் தொடர்ந்து பெய்தாலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வர முடியாமல் போகிறதே, அந்தச் சாலையைக் கை காட்டுகிறது. டீக்கடையில் இதைச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. பேப்பரில் போட்டுக் காட்டினேன். "ஏட்டுச் சுரைக்காய்" என்று ஒருவர் எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு இசக்கி. மேலத்தெருவில் வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய மாடி வீடுகள். டைல்ஸ், ஏசி எல்லாம் நட்டக் கணக்கில் லட்சம் லட்சமாக ஏறும். ஓடைக்கரையில் இருபத்தைந்து வீடு இருக்கிறதே, ஓடும் கூரையும் மண்சுவரும், அந்த இருபத்தைந்தும் சேர்ந்தாலும் மேலத்தெருவில் மூன்று வீட்டுக்கு வராது. கழுத்தளவு தண்ணீரில் நின்றது யார்? ஓடைக்கரைக்காரர்கள்தான். ஒரு ஆச்சி ஒன்பது ஆட்டை வெள்ளத்தில் விட்டிருக்கிறாள். "என் ஆட்டுக்கு எத்தன மார்க்கு போடுவீக?" என்று என்னைக் கேட்டாள். மூவாயிரம் பேருக்குள் இருக்கும் ஏழை ஊர்களுக்கு ஃபீமாவின் பிரிக் என்கிற தணிப்பு மானியத் திட்டத்தில் 90 சதவீதம் வரை அரசே தரும் என்று எழுதியிருந்தாய். அந்த மாதிரி ஒரு சலுகை மதிப்பெண்ணை நானே கையால் போட்டு, ஆட்டையும் கணக்கில் சேர்த்துத்தான் வரிசை போட்டேன். ஆட்டுக்கு மதிப்பு போடாத கணக்கு நம்ம ஊருக்கு எதற்கு?

இப்போது வேலைக்கு வருகிறேன். நம்ம குளத்து மறுகால், அதுதான் குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம், உனக்கு ஞாபகம் இருக்கும். ஐந்தாம் வகுப்பில் அந்தக் கல்வரிசையில் ஓடிப் பிடித்து விளையாடி நீ தாடையைக் கிழித்துக்கொண்டாயே, அதுதான். அறுபது அடி நீளம். அதன்மேல் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் பாய்ந்தாலே நொடிக்கு 150 கன அடிக்கு மேல் போகும். அது இறங்குகிற ஓடை கால் மைல் தள்ளிச் சாலையைக் கடக்கிறது. அங்கே என்ன வைத்திருக்கிறார்கள்? இரண்டு அடி விட்டத்தில் மூன்று சிமெண்ட் குழாய். முக்கி முனகினாலும் 75 கன அடி தாண்டாது. அதிலும் ஒரு குழாய்க்குள் உடைமரம் வேர் விட்டிருக்கிறது. நானே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு பழைய பாயும் கிடந்தது. மீதித் தண்ணீர் சாலைக்கு மேற்கே குளம் கட்டி நின்று, ஓடைக்கரை வீடுகளுக்குள் ஏறுகிறது. குளம் உடையாத வருடத்திலும் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருவதன் ரகசியம் இந்த மூன்று குழாய்தான்.

அப்படியென்றால் குழாயை எடுத்துவிட்டுப் பெட்டிப்பாலம் போடு, ஓடையைத் தூர்வாரு, முடிந்தது கதை என்றுதான் நானும் எழுதினேன். முதலிடம் அதற்கே. எழுதி முடித்த சந்தோஷத்தில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற நம்ம குளத்து நீர்ப்பாய்ச்சியிடம் படித்துக் காட்டினேன். கரையில் எங்கே நண்டுவளை இருக்கிறது என்று இருட்டில்கூடக் காலால் தடவிச் சொல்கிற மனுஷன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்ஙன தொறந்து விட்டா கீழூர்க்காரன் என்ன செய்வான்?" என்றார்.

முப்பத்திரண்டு வருடம் சர்வீஸ் போட்டவனுக்கு இது தோன்றவில்லை பார்.

நம்ம மறுகால் தண்ணீர் கீழூர்க் குளத்துக்குத்தான் போகிறது. இப்போது அந்த மூன்று குழாயும் ஒரு வகையில் கீழூருக்குத் தடுப்பாக நிற்கின்றன. நாம் அகலமாகத் திறந்துவிட்டால், நாலு மணி நேரத்தில் மெல்லப் போகிற தண்ணீர் ஒரு மணி நேரத்தில் போய் நிற்கும். அவர்கள் குளத்து மறுகால் ஓடையோ பாதி ஆக்கிரமிப்பு, பாதி சீமைக்கருவேலம். அவர்கள் கரை தாங்காது. நம்ம ஓடைக்கரை வீடுகளைக் காப்பாற்றிக் கீழூர்த் தெருவை மூழ்கடித்த கதையாகிவிடும். போன வாரம் கீழூருக்குப் போய்ப் பார்த்தேன். அவர்களும் ஒரு கருத்துரு தயார் செய்து வைத்திருக்கிறார்கள். என்ன தெரியுமா? நம்ம பக்கத்திலிருந்து வரும் தண்ணீரைத் தடுக்க ஒரு கரை!

ஆக, வேலையைக் கீழேயிருந்து தொடங்கி மேலே வரவேண்டும். முதலில் கீழூர் மறுகால் ஓடை, அப்புறம் அவர்கள் குளத்துக்கரை, கடைசியில்தான் நம்ம பெட்டிப்பாலம். நம்ம ஊர் அனுப்புகிற பட்டியலில் முதல் வேலை அடுத்த ஊர் நிலத்தில் நடக்க வேண்டும். இதைக் கிராம சபையில் எப்படிச் சொல்வது? "நம்ம கருத்துருவுல அவனுக்கு ஓடை வெட்டிக் குடுக்கணுமோ?" என்று ஒரு இளவட்டம் எகிறினான். போதாக்குறைக்கு நம்ம குளம் நாற்பது ஹெக்டேருக்குள் பாசனம் என்பதால் ஒன்றியத்தின் கீழ், கீழூர்க் குளம் பெரியது என்பதால் நீர்வளத்துறையின் கீழ், நடுவில் சாலை நெடுஞ்சாலைத்துறைக்கு. ஒரே தண்ணீருக்கு மூன்று எஜமான்.

இரண்டு பஞ்சாயத்தும் தனித்தனியாகப் போட்டிபோட்டால் ஒருவருக்குத்தான் கிடைக்கும், கிடைத்தவர் வேலையால் மற்றவருக்கு நட்டம். சேர்ந்து ஒரே கருத்துருவாகக் கொடுத்தால் பயனடையும் வீடுகள் இரண்டு மடங்கு, செலவு அதே அளவுக்கு ஏறாது. இந்தக் கணக்கு மட்டும் டீக்கடையில் எடுபட்டது. நம்ம தலைவர் பாதி மனசோடு சம்மதித்திருக்கிறார். கீழூர்த் தலைவர் அம்மாள் கெட்டிக்காரி. "எழுத்துல குடுங்க, ரெண்டு ஊர்த் தீர்மானமும் ஒரே தேதியில வரட்டும்" என்றார். ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைப்பதாக இருக்கிறது. அதற்குள் எத்தனை பேர் மனசு மாறுவார்களோ.

ஏப்ரலில் உங்கள் பிரிக் திட்டத்தையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள் என்று நீ எழுதியதைப் படித்து எனக்கு வயிறு கலங்கியது. இங்கேயும் நிதிக்குழுவின் காலம் அடுத்த மார்ச்சோடு முடிகிறது. அடுத்த குழு என்ன செய்யுமோ. கிடைக்கவில்லையென்றால் அந்தக் குழாயில் இருக்கும் வேரையும் பாயையுமாவது நாமே ஆள் வைத்து எடுத்துவிடலாம் என்று நீர்ப்பாய்ச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குக் கருத்துரு எதுவும் வேண்டாம். ஐப்பசிக்கு முன்னால் எப்படியும் முடித்துவிடுவோம்.

உன்னிடம் இரண்டு உதவி. விண்ணப்பத்தில் பக்கத்து ஊருக்கு ஆகும் பாதிப்பை நீங்கள் எந்தத் தலைப்பில், எப்படி எழுதுவீர்கள் என்று ஒரு பக்கம் அனுப்பு. இன்னொன்று உன் பூர்வீக வீட்டு விஷயம். வெள்ளம் நின்ற கோடு திண்ணைச் சுவரில் ஜன்னல் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே இன்னும் பழுப்பாகத் தெரிகிறது. குடியிருப்பவர் கோயில் கொடைக்கு முன்னால் வெள்ளையடிக்கப் போகிறாராம். அந்தச் சுவரை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி நீ ஒரு போன் போடு. நான் சொன்னால் கேட்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போய் அளந்து, போட்டோ எடுத்து, கருத்துருவில் ஒட்டிவிடுகிறேன். அப்புறம் அவர் எந்தக் கலர் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும்.

உன்,
சுப்பையா